பாட்டுப் போட்டி, போலந்து சுற்று: ஓட்டு எண்ணும்வரை காதுக்குச் சில இடங்கள்

ஓடர்க்கரையான்:
வணக்கம் மக்களே. நம் மன்றத்துப் பாட்டுப் போட்டியின் இந்தச் சுற்றுக்குப் பாட்டு அனுப்பும் கெடு முடிந்தது. ஞாயிறு இரவு வரை ஓட்டுப் போடலாம். போன சுற்றை நடத்திய பனங்காய் அண்ணை, ஓட்டு இடைவேளை முழுக்கத் தான் இருக்கும் கனடாவின் ஏரிப் படங்களாகப் போட்டுத் தள்ளினார். இப்போது என் முறை. நான் குப்பை கொட்டுவது விரோத்ஸ்வாஃபில். ஆகவே போலந்து.

ஒரே ஒரு நிபந்தனை. படத்தை ஒட்டிவிட்டு "சூப்பர்" வாங்கிப் போகிற வேலை வேண்டாம். இது பாட்டுப் போட்டி. காதால் கேட்கக்கூடிய பழைய இடமாகக் கொண்டு வாருங்கள். மணி, எக்காளம், ஆர்கன், வானொலி, மேடை, எதுவானாலும் சரி.

கணக்கை நானே தொடங்குகிறேன். கிராக்கோவ், மரியாள் பேராலயம். 1257ல் கோடு போட்டு அளந்த சந்தைச் சதுக்கத்தின் மூலையில் நிற்கிறது. சதுக்கம் பக்கத்துக்கு ஏறத்தாழ 200 மீட்டர். கோயிலுக்கு இரண்டு கோபுரம், ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. நெட்டை 81 மீட்டர். அதன் உச்சியிலிருந்து மணிக்கொருமுறை, நடுச்சாமம் உட்பட, ஒருவர் டிரம்பெட் ஊதுகிறார். ஹெய்னாவ் என்று பெயர். முதலில் வாவெல் அரண்மனையைப் பார்த்து, பிறகு மற்ற மூன்று திசைக்கும். நான்கு முறையும் மெட்டு முடிவதற்குள் பொட்டென்று நிற்கும். ஊதுகிறவர்கள் தீயணைப்புத் துறை ஊழியர்கள். கீழே நின்று கையாட்டினால் ஊதி முடித்தபின் அவரும் ஜன்னல் வழியே கையாட்டுவார். பகல் 12 மணி ஊதலை 1927 முதல் போலந்து வானொலி நாடு முழுக்க ஒலிபரப்புகிறது.

ராகமாலிகா:
கேட்டேன் தம்பி. காணொளி நின்றுபோய்விட்டது என்று நினைத்து மறுபடி தட்டினேன். அதே இடத்தில்தான் நிற்கிறது! அடுத்த ஸ்வரத்துக்காகக் காது காத்துக்கொண்டே இருக்கிறது. யார் செய்த வேலை இது?

பன்னிரண்டு புள்ளி:
அம்பு அக்கா, அம்பு. 1241ல் மங்கோலியர் படை வருவதைக் கோபுரக் காவலன் பார்த்து ஊதினான், தொண்டையில் அம்பு பாய்ந்தது, மெட்டு அறுந்தது. அவன் நினைவாக இன்றும் அங்கேயே நிறுத்துகிறார்கள். கிராக்கோவ் போகிற எல்லாருக்கும் கைடு சொல்லும் முதல் கதை.

கல்தச்சன்:
கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு நிற்கிற கோயில் 14ஆம் நூற்றாண்டு, கோபுரத்தின் உச்சி அதற்கும் பிந்தியது. 1241ல் அந்த உயரத்தில் அம்பு வாங்க ஆள் எங்கே நின்றான்? ஹெய்னாவ் பற்றிய முதல் எழுத்துச் சான்று 1392ல் நகரக் கணக்கில் வருகிறது. அதாவது ஊதுபவனுக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அம்புக் கதை ஊர் ஊராகப் பரவியது 20ஆம் நூற்றாண்டில், ஒரு அமெரிக்கர் எழுதிய சிறுவர் நாவல் வந்த பிறகு. எனக்கு அந்தச் சம்பளக் கணக்குத்தான் பிடித்திருக்கிறது. அறுநூறு வருஷத்துக்கு மேலாக ஒரு நகராட்சி ஒரு ஊதலுக்குப் பட்ஜெட் ஒதுக்கிக்கொண்டிருக்கிறது என்பது அம்பைவிடப் பெரிய விஷயம்.

ஓடர்க்கரையான்:
கல்தச்சன் சார் வந்துவிட்டார், இனி யாரும் கதை விட முடியாது. 😀

ஜமோஷ்ச் என்று ஒரு ஊர், தென்கிழக்கே உக்ரைன் எல்லையை ஒட்டி. யான் சமோய்ஸ்கி என்ற பிரபு, பதுவாவைச் சேர்ந்த பெர்னார்தோ மொராந்தோ என்ற இத்தாலியக் கட்டடக்காரரைக் கொண்டு, வெறும் நிலத்தில் 1580 முதல் கட்டிய ஊர். இத்தாலிய மறுமலர்ச்சிக் கால நகரத் திட்டம் அப்படியே இருக்கிறது. 1992ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நகர மன்றக் கோபுரத்திலிருந்து அங்கும் பகல் 12க்கு ஹெய்னாவ் உண்டு. ஆனால் மூன்று திசைக்கு மட்டும்! மேற்குப் பக்கம் ஊதுவதில்லை, ஏனென்றால் கிராக்கோவ் அந்தத் திசையில் இருக்கிறது. ஊரை உண்டாக்கியவருக்கு அப்போதைய தலைநகரமான கிராக்கோவோடு ஆகாது என்பது உள்ளூர் விளக்கம். நம் போட்டியில் பக்கத்து நாட்டுக்குப் புள்ளி போடாமல் முகம் திருப்பிக்கொள்கிறவர்கள் கவனிக்க.

பனங்காய்:
உது எனக்குத்தான் சொல்லுற மாதிரிக் கிடக்கு. போன முறை உங்கடை பாட்டுக்கு நான் சைபர் போட்டது பாட்டு சரியில்லாதபடியால் தம்பி, வேறை ஒண்டும் இல்லை.

பன்னிரண்டு புள்ளி:
பாட்டுப் போட்டி என்று வந்தபிறகு சோபோட்டைச் சொல்லாமல் விட்டால் நான் இந்தப் பெயரை வைத்துக்கொண்டு இருப்பதில் அர்த்தமில்லை.

பால்டிக் கரையில் இருக்கிறது. 511 மீட்டருக்கு மரத்தாலான நடைபாலம் கடலுக்குள் நீள்கிறது, ஊருக்குப் போகிற எல்லாரும் அதைத்தான் படம் எடுப்பார்கள். நான் சொல்ல வருவது அதற்குப் பின்னால் காட்டுக்குள் இருக்கும் ஓப்பரா லெஷ்னா, அதாவது வன ஓப்பரா. 1909ல் திறந்த வெளியரங்கம். அப்போது ஊர் ஜெர்மனியிடம், பெயர் சோப்போட். மரங்கள் சூழ்ந்த ஒரு பள்ளம், சத்தம் தானாக மேலேறிக் கடைசி வரிசைவரை வரும். முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மானியர்கள் வருஷா வருஷம் ஓப்பரா இசையமைப்பாளர் வாக்னர் பெயரில் விழா நடத்தினார்கள், ஜெர்மனியில் வாக்னர் விழாவுக்கே பேர்போன பைராய்த் ஊரை வைத்து "வடக்கின் பைராய்த்" என்றே பெயர் வாங்கியது. இரண்டாம் போருக்குப் பிறகு ஊர் போலந்திடம். 1961ல் விளாடிஸ்வாஃப் ஷ்பில்மான் முன்னின்று சோபோட் சர்வதேசப் பாட்டு விழாவைத் தொடங்கினார். ஆம், வார்சா இடிபாடுகளில் ஒளிந்து உயிர்பிழைத்த அதே பியானோ கலைஞர். முதல் விழாக்கள் க்டான்ஸ்க் கப்பல் தளத்து மண்டபத்தில், 1964 முதல் வன ஓப்பராவில்.

1977 முதல் 1980 வரை அதே மேடையில்தான் இன்டர்விஷன் பாட்டுப் போட்டி. ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்குச் சோஷலிச நாடுகள் கொடுத்த பதில். 1977ல் செக்கின் ஹெலெனா வோந்த்ராச்கோவா, 1978ல் சோவியத்தின் அல்லா புகச்சோவா, 1979ல் சொந்த ஊர்க்காரர் செஸ்வாஃப் நியேமென், 1980ல் பின்லாந்தின் மரியோன் ருங். பின்லாந்து இரண்டு போட்டியிலும் கால் வைத்திருந்தது, புத்திசாலி நாடு.

ராகமாலிகா:
டெலிபோன் இல்லாத வீடுகள் அதிகம் என்பதால், பாட்டுப் பிடித்தால் வீட்டு விளக்கைப் போடச் சொன்னார்களாம், மின்சார நிலையத்தில் எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்துப் புள்ளி கணக்கிட்டார்களாம். உண்மையா?

பன்னிரண்டு புள்ளி:
எல்லா இணையப் பக்கத்திலும் இது ஓடுகிறது அக்கா. கதைக்கு நல்ல கால் இருக்கிறது, அதற்கு மேல் நான் ஜாமீன் கொடுக்க மாட்டேன்.

கல்தச்சன்:
பக்கத்து வீட்டுக்காரன் பரீட்சைக்குப் படிக்க விளக்குப் போட்டாலும் ஒரு ஓட்டு. நல்ல ஜனநாயகம்.

அருணை:
நான் புதுசு, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். போலந்து என்றதும் எனக்குச் சட்டென்று திருவண்ணாமலைதான் நினைவுக்கு வந்தது. ரமணாசிரமத்தில் பழைய ஆட்கள் மாரிஸ் ஃப்ரீட்மன் என்று ஒருவரைச் சொல்வார்கள். 1901ல் வார்சாவில் பிறந்த யூதர், பொறியாளர். இன்னொருவர் வாண்டா டினோவ்ஸ்கா. காந்தி அவருக்கு உமாதேவி என்று பெயர் வைத்தார். இரண்டு பேரும் சேர்ந்து 1944ல் சென்னையில் போலந்து-இந்திய நூலகம் என்று ஒரு பதிப்பகம் தொடங்கினார்கள். போலந்து எரிந்துகொண்டிருந்த வருஷத்தில் மதராஸில் போலிஷ் புத்தகம். இது ஒலி இல்லாத தகவல்தான், விதிக்கு வெளியே. இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஓடர்க்கரையான்:
அருணை, வாங்க வாங்க. இந்த மாதிரித் தகவலுக்கு விதி தளரும். கூடவே ஒன்று: வார்சாவின் ஓகோட்டா பகுதியில் "நல்ல மகாராஜா சதுக்கம்" என்று ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. குஜராத்தின் நவாநகர் ஜாம் சாகிப் திக்விஜய்சிங்ஜி பெயரில். சோவியத் முகாம்களிலிருந்து தப்பி வந்த நூற்றுக்கணக்கான போலிஷ் பிள்ளைகளுக்கு 1942ல் பாலாச்சடியில் இடம் கொடுத்தவர். இந்தியன் என்று தெரிந்தால் சில வயதானவர்கள் அந்தப் பெயரைத்தான் முதலில் எடுக்கிறார்கள்.

பனங்காய்:
இனி என்ரை முறை. ஜேர்மனியிலை இருக்கிற மச்சானோடை காரிலை போய்ப் பாத்த இடம். கிளிவிட்சே. எங்கடை பன்னிரண்டு புள்ளிக்குத் தெரிஞ்சிருக்கும், 2019 ஜூனியர் யூரோவிஷன் நடந்த ஊர். அதுக்கு முதல் வருஷம் ரொக்சானா வெங்கியெல், அந்த வருஷம் விக்கி காபோர். தொடர்ந்து ரெண்டு வருஷம் போலந்து வெண்டது, ரெண்டாவது சொந்த மண்ணிலை. சனம் அரங்கத்தைப் பாக்கப் போகும். நாங்கள் போனது வானொலிக் கோபுரம் பாக்க.

முழுக்க மரம் பாருங்கோ. லார்ச் மரம். 1935இலை ஜேர்மன்காரன் கட்டினது, அப்ப ஊர் கிளைவிட்ஸ். 111 மீற்றர் உயரம், ஒரு இரும்பு ஆணி இல்லை. இரும்பு இருந்தால் அன்ரெனாவின்ரை அலையைக் குழப்பும் எண்டு பித்தளை மரையாணி போட்டு முடுக்கியிருக்கிறாங்கள், 16,000க்கும் மேலை. கிட்டப் போய்ப் பாத்தால் ஒவ்வொரு மூட்டிலையும் பித்தளைத் தலை பச்சை பிடிச்சுக் கிடக்கு, மரம் சாம்பல் நிறமாப் போச்சுது. காத்தடிச்சால் முனகுது. உங்கடை ஒலி விதிக்கு அந்த முனகலே காணும்.

ஆனால் கதை அதில்லை. 1939 ஓகஸ்ட் 31 பின்னேரம், ஹிட்லரின்ரை எஸ்எஸ் படை ஆக்கள் போலிஷ் கலகக்காரர் மாதிரி உள்ளை புகுந்து, போலிஷ் மொழியிலை "நிலையம் எங்கடை கையிலை" எண்டு அறிவிச்சாங்கள். போலந்து தாக்கிப்போட்டுது எண்டு காட்டுறதுக்கு. பகிடி என்னெண்டால், அங்கை ஒழுங்கான ஸ்ரூடியோ இல்லை. ஸ்ரூடியோ நகரத்துக்குள்ளை வேறை கட்டிடத்திலை. கோபுரத்தடியிலை இருந்தது, இடி மின்னல் வந்தால் "ஒலிபரப்பை நிப்பாட்டுறம்" எண்டு சொல்ல வைச்ச அவசர மைக் ஒண்டுதான். அதைத் தேடிப் பிடிச்சு ரெண்டு வசனம் கத்தினாங்கள். வெளியிலை கேட்டதும் கொஞ்சந்தான். பிரான்சிஷெக் ஹோனியோக் எண்ட உள்ளூர் ஆளை முதல் நாளே பிடிச்சு, மயக்க மருந்து குடுத்துக் கொண்டுவந்து, சாட்சிக்குப் பிணமாப் போட்டாங்கள். அடுத்த நாள் விடியப் போர்.

ராகமாலிகா:
புயல் மைக்கில் தொடங்கிய பொய். படித்துவிட்டுச் சற்று நேரம் ஓட்டுப் போடவே தோன்றவில்லை அண்ணை.

பன்னிரண்டு புள்ளி:
கோபுரத்தை ஏன் இடிக்காமல் விட்டார்கள்?

பனங்காய்:
பயன்பட்டது தம்பி. போர் முடிஞ்ச பிறகும் கன காலம் வேலை செய்தது. பனிப்போர் நேரம் வெளிநாட்டு வானொலியளை இரைச்சல் போட்டு மறைக்கிறதுக்கும் உதைப் பாவிச்சவங்கள். இப்ப கீழை மியூசியம், பூங்கா, பிள்ளையள் சைக்கிள் ஓடுதுகள். அந்தப் பழைய ஒலிபரப்பு மண்டபத்தையும் திறந்து காட்டுறாங்கள்.

ஓடர்க்கரையான்:
பனங்காய் அண்ணை, உங்கள் ஏரிப் படங்களை மன்னித்தேன்.

அடுத்து வார்சா. மூன்று இடம், எல்லாம் ஒரே ஆள் சம்பந்தப்பட்டது. பியானோ இசையமைப்பாளர் ஷோப்பான் 1810ல் நகருக்கு மேற்கே ஜெலசோவா வோலா கிராமத்தில் பிறந்தார். இருபது வயதில் நாட்டைவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. 1849ல் பாரிஸில் இறந்தார். உடல் அங்கே பெர் லாஷேஸ் கல்லறையில். இதயத்தை மட்டும் அக்கா லுத்விகா சாராயம் நிறைத்த ஜாடியில் போட்டு வார்சாவுக்குக் கொண்டுவந்தார். இன்று திருச்சிலுவைக் கோயிலில் இடது பக்கத் தூண் ஒன்றுக்குள் இருக்கிறது. ஜெர்மானியருக்கு எதிரான 1944 வார்சா எழுச்சியின்போது ஜெர்மானியர் கைக்குப் போய்த் திரும்பி வந்தது, 1945 அக்டோபர் 17ல், அவர் இறந்த அதே நாளில், தூணுக்குள் மறுபடி வைத்தார்கள். அந்தக் கோயில் இருக்கும் சாலையில் கறுப்புக் கல் பெஞ்சுகள் கிடக்கும், பொத்தானை அமுக்கினால் ஷோப்பான் ஒலிக்கும். 2010ல் இருநூறாவது பிறந்த ஆண்டுக்குப் போட்டது. பேருந்துச் சத்தத்தில் பாதிதான் கேட்கும், அது வேறு விஷயம்.

மூன்றாவது வாஸியென்கி பூங்காச் சிலை. காற்றில் வளைந்த வில்லோ மரத்தடியில் ஷோப்பான். 1926ல் திறந்தார்கள், 1940 மே மாதத்தில் ஜெர்மானியர் வெடி வைத்துத் தகர்த்தார்கள், வெண்கலத்தை உருக்கினார்கள். 1958ல் பழையபடி வார்த்து நிறுத்தினார்கள். 1959 முதல் கோடை ஞாயிறுகளில் சிலையடியில் பியானோக் கச்சேரி, டிக்கெட் கிடையாது. புல்லில் படுத்துக்கொண்டு கேட்கலாம். நான் பார்த்த கச்சேரிகளிலேயே குழந்தை அழுதால் யாரும் முறைக்காத கச்சேரி அது ஒன்றுதான்.

கல்தச்சன்:
இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. சிலை 1958. வார்சா பழைய நகரச் சந்தைச் சதுக்கம் 1953. அரச மாளிகை 1971ல் தொடங்கி 1984ல் முடித்தது. என் வயதுக்குக் கிட்டத்தட்டச் சமமான கட்டடத்தை "வரலாற்றுச் சின்னம்" என்று எப்படி ஒத்துக்கொள்வது? கிராக்கோவைச் சொல்லுங்கள், ஜமோஷ்சைச் சொல்லுங்கள், தலைவணங்குகிறேன். வார்சா நல்ல நகல்.

ஓடர்க்கரையான்:
நகல்தான் சார். நகல் எடுத்த விதம்தான் வரலாறு. போருக்கு நடுவிலேயே வார்சா பாலிடெக்னிக் கட்டடக்கலைத் துறை ஆட்கள் அளவு வரைபடங்களைக் கடத்திக்கொண்டு போய் பியோட்ர்குஃப் ஊரில் ஒரு மடத்தில் ஒளித்து வைத்தார்கள். பிடிபட்டால் உயிர் போகும். கட்டடம் போய்விடும் என்று தெரிந்தே காகிதத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். போர் முடிந்ததும் அந்தக் காகிதமும், 18ஆம் நூற்றாண்டில் பெர்னார்தோ பெலோத்தோ வரைந்த நகரக் காட்சி ஓவியங்களும் துணை. யுனெஸ்கோ 1980ல் சேர்த்தது அந்தப் புனரமைப்புக்காகவேதான், 13ஆம் நூற்றாண்டு நகரம் என்பதற்காக மட்டுமல்ல. புனரமைப்பு அலுவலகத்தின் கோப்புகளும் 2011ல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் ஏறின.

கல்தச்சன்:
பெலோத்தோ ஓவியத்தில் கைச்சரக்கும் உண்டு தெரியுமா? சில முகப்புகளை இருந்ததைவிட அழகாக வரைந்து வைத்தார். அதைப் பார்த்துக் கட்டியதில், 1939ல் இருந்த கட்டடம் வராமல் ஓவியத்தில் இருந்த கட்டடம் வந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் சேர்ந்த மாடிகளைத் திரும்பக் கட்டவில்லை. "எங்களுக்குப் பிடித்த பழமை"யைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

ஓடர்க்கரையான்:
அதை மறுக்கவே மாட்டேன். நான் வசிக்கிற ஊரில் அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. "நாடே தன் தலைநகரைக் கட்டுகிறது" என்று கோஷம் போட்டு, விரோத்ஸ்வாஃப் இடிபாடுகளிலிருந்து செங்கல் செங்கலாகப் பிரித்து ரயிலேற்றி வார்சாவுக்கு அனுப்பினார்கள். இடிந்ததை மட்டும் எடுக்கவில்லை, நிற்கவைத்துச் சரிசெய்திருக்கக்கூடிய வீடுகளும் போயின என்று இங்கே முணுமுணுப்பு இன்னும் ஓயவில்லை. வார்சாவின் பழைய நகரத்தில் தட்டினால் எங்கள் ஊர்ச் சுவர் சத்தம் கேட்கும் என்பது இங்குள்ள ஜோக்.

ஆனாலும் என் கட்சி இதுதான்: பழைய கல் போய்விட்டது என்பதற்காக அந்தச் சிலையடியில் அறுபது வருஷத்துக்கு மேலாக நடக்கிற ஞாயிற்றுக்கிழமை பொய்யாகிவிடாது. கிராக்கோவில் நீங்கள் ரசித்ததும் கல்லை இல்லையே, சம்பளக் கணக்கைத்தானே?

ராகமாலிகா:
அப்படிப் போடு.

கல்தச்சன்:
வாதம் ஜோர். ஆனால் மசிய மாட்டேன். என் ஓட்டை வாங்க வேண்டுமென்றால் இந்த மாதிரி இடம் கொண்டு வாருங்கள்:

ஷ்விட்னிட்சா, அமைதிக் கோயில். உங்கள் ஊரிலிருந்து தெற்கே போனால் வரும். முப்பதாண்டுப் போர் 1648ல் வெஸ்ட்ஃபேலியா உடன்படிக்கையோடு முடிந்தபோது, கத்தோலிக்கரான ஹாப்ஸ்பர்க் பேரரசர் அந்தப் பகுதியான சைலீசியாவின் லூத்தரன்களுக்கு (புராட்டஸ்டன்ட் பிரிவினர்) மூன்றே மூன்று கோயில் கட்டிக்கொள்ள விட்டார். நிபந்தனையைப் பாருங்கள். நகர மதிலுக்கு வெளியேதான் கட்ட வேண்டும். கல், செங்கல் கூடாது. மரம், களிமண், மணல், வைக்கோல் மட்டும். ஒரே வருஷத்துக்குள் முடிக்க வேண்டும். கோபுரம் கூடாது, மணி கூடாது. அதாவது, கட்டிக்கொள், ஆனால் சீக்கிரம் விழுந்துவிடு.

1656ல் தொடங்கி 1657ல் முடித்தார்கள். ஆல்பிரெக்ட் ஃபான் சேபிஷ் என்ற கோட்டைப் பொறியாளர் திட்டம் போட்டார். உள்ளே நின்றும் உட்கார்ந்தும் 7,500 பேர். வெளியே பார்த்தால் பெரிய தானியக் கிடங்கு, கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைப் பூச்சும். கதவைத் தள்ளி உள்ளே போனால் மாடி மேல் மாடியாகப் பலகணிகள், ஒவ்வொரு கைப்பிடிப் பலகையிலும் ஓவியம், விவிலிய வசனம், அந்தந்தத் தொழிற்சங்கத்தின் சின்னம். மூன்றில் குவோகூஃப் (ஜெர்மனில் குளோகாவ்) ஊரில் கட்டியது 1758ல் எரிந்து போனது. யாவோரும் ஷ்விட்னிட்சாவும் நிற்கின்றன, 2001ல் யுனெஸ்கோ.

ஒலி விதிக்கும் பொருந்தும். அரை நூற்றாண்டு மணியடிக்க முடியாத கோயில். 1707ல் அல்ட்ரான்ஷ்டெட் உடன்படிக்கையில் சுவீடன் மன்னர் பேரரசரை நெருக்கிய பிறகுதான் தனியாக மணிக்கூண்டு எழுப்ப அனுமதி கிடைத்தது. அந்த ஐம்பது வருஷம் ஆர்கனும் வாய்ப்பாட்டும்தான். இன்று அங்கே ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் பெயரில் இசை விழா நடக்கிறது. மரச்சட்டச் சுவர், மரக் கூரை, எதிரொலி உலோகம் மாதிரி அறையாது.

ராகமாலிகா:
கல்தச்சன் சார், பாட்டுக்கே ஓட்டுப் போடாத நீங்கள் இப்படி எழுதுவீர்கள் என்று தெரிந்திருந்தால் உங்களையே போட்டிக்கு இழுத்திருப்போம். என் பங்குக்கு ஆர்கன்: க்டான்ஸ்க் நகரில் ஓலிவா பேராலயம். யான் வுல்ஃப் என்ற துறவி 1763ல் தொடங்கிக் கால் நூற்றாண்டு செதுக்கியது. ஏழாயிரத்துக்கும் மேல் குழல். வாசிக்கும்போது மரத் தேவதைகள் எக்காளத்தை வாய்க்குத் தூக்கும், மணியாட்டும், நட்சத்திரங்கள் சுழலும். மாணவர்களுக்குக் காட்டினேன், பாட்டை விட்டுவிட்டுத் தேவதையையே எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டு புள்ளி:
வியலிச்கா உப்புச் சுரங்கத்தை யாருமே சொல்லவில்லையே? 101 மீட்டர் ஆழத்தில் புனித கிங்கா ஆலயம், சரவிளக்கின் மணிகள்கூட உப்புப் படிகம். சுரங்கத் தொழிலாளிகளே செதுக்கியது, 1896லிருந்து பல பத்தாண்டு. உள்ளே கச்சேரியும் உண்டு. 1978ல் யுனெஸ்கோ முதல் பட்டியல் போட்டபோதே, 12 இடங்களில் ஒன்று. அப்புறம் போஸ்னான் நகர மன்றத்தில் பகல் 12க்கு இரண்டு தகர ஆடு வெளியே வந்து 12 முறை முட்டிக்கொள்ளும். ஆட்டுக்கு என் 1 புள்ளி.

அருணை:
ஒரு சந்தேகம். போலந்து என்றால் நாஜி வதைமுகாம் இருந்த ஆஷ்விட்ஸும்தானே? அதை யாரும் போடவில்லை. தெரியாமல் விட்டதா, வேண்டாமென்றா?

வாயிற்காப்போன்:
மட்டுறுத்துநராகச் சொல்கிறேன். ஓடர்க்கரையான் தொடங்கும் முன்பே என்னிடம் தனிமடலில் கேட்டார். வேண்டாம் என்றேன். பதினோரு லட்சம் பேர் கொல்லப்பட்ட இடத்துக்கு ஆட்டுப் பொம்மைக்குப் பக்கத்தில் புள்ளி போடுவது சரியில்லை. அதைப் பற்றிப் பேசக் கூடாது என்பதல்ல. புள்ளி போடும் இழையில் வேண்டாம்.

ராகமாலிகா:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இசையைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அதுவும் சரியில்லை. அங்கே கைதிகளைக் கொண்டே வாத்தியக் குழுக்கள் வைத்திருந்தார்கள். காலையில் வேலைக்குப் போகிறவர்களும் மாலையில் திரும்புகிறவர்களும் அணிவகுப்பு இசைக்குக் கால் மாற்றி நடக்க வேண்டும். எண்ணுவதற்கு வசதி. ஆஷ்விட்ஸ் முகாமின் ஒரு பகுதியான பிர்கெனாவில் பெண்கள் குழுவை நடத்தியவர் ஆல்மா ரோசே, வியன்னாவின் வயலின் கலைஞர், இசையமைப்பாளர் மாலரின் தங்கை மகள். 1944 ஏப்ரலில் அங்கேயே இறந்தார். குழுவில் இருந்த பெண்கள் பலர் அந்த வாசிப்பால்தான் பிழைத்தார்கள். புள்ளி எதுவும் வேண்டாம். தெரிந்திருக்கட்டும்.

பனங்காய்:
சரியாச் சொன்னியள் அக்கா.

ஓடர்க்கரையான்:
நன்றி அக்கா. அருணை, தனியாக ஒரு இழை தொடங்குங்கள், நானும் எழுதுகிறேன். கிராக்கோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று, முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள்.

இங்கே திரும்புவோம். என் கடைசி இடம், சின்னது. பெந்தோமின், வடக்கே ஒரு கிராமத்து வீடு. போலந்து தேசிய கீதத்தை எழுதிய யூசெஃப் விபிட்ஸ்கி பிறந்த வீடு. அவர் அதை எழுதியது 1797ல், எழுதிய இடம் இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா. அப்போது உலக வரைபடத்தில் போலந்து என்ற நாடே இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா பங்கு போட்டு முடித்து இரண்டு வருஷம். "நாம் உயிரோடிருக்கும்வரை போலந்து அழியவில்லை" என்று தொடங்குகிறது. கீதத்துக்கென்றே அந்த வீட்டில் 1978 முதல் அருங்காட்சியகம்.

சரி, இடங்களுக்கும் புள்ளி போடலாம் என்று பலர் கேட்டார்கள். பாட்டு முடிவு வழக்கம்போல் தனி இழையில் வரும். இங்கே ஆளுக்கு ஒரு 12, ஒரு 10. நான் நடத்துகிறவன், எனக்கு ஓட்டில்லை.

ராகமாலிகா:
12 கிளிவிட்சே மரக் கோபுரம். 10 ஷ்விட்னிட்சா.

பன்னிரண்டு புள்ளி:
12 வன ஓப்பரா (வேறு யாருக்குப் போடுவேன்). 10 கிளிவிட்சே. ஆட்டுக்குப் போட்ட 1 செல்லுமா?

பனங்காய்:
12 ஷ்விட்னிட்சா. 10 ஜமோஷ்ச், அந்த மேற்கை ஊதாத கோவத்துக்காக. என்ரை இடத்துக்கு நானே போடமாட்டன்.

அருணை:
12 ஷ்விட்னிட்சா. 10 வாஸியென்கி ஞாயிற்றுக்கிழமை.

கல்தச்சன்:
12 கிராக்கோவ் ஹெய்னாவ், சம்பளக் கணக்குக்காக. 10 கிளிவிட்சே. பனங்காய், அந்தப் பச்சை பிடித்த ஆணிப் படம் இருந்தால் போடுங்கள்.

ஓடர்க்கரையான்:
ஷ்விட்னிட்சா 34, கிளிவிட்சே 32. பிறகு ஹெய்னாவும் வன ஓப்பராவும் தலா 12, ஜமோஷ்சும் வாஸியென்கியும் தலா 10. ஆடு 1, செல்லாது.

பன்னிரண்டு புள்ளி:
முறையீடு! ஆட்டுக்கு நீதி வேண்டும்.

அருணை:
அண்ணா, விரோத்ஸ்வாஃபிலிருந்து ஷ்விட்னிட்சாவுக்கு எப்படிப் போவது? அடுத்த வருஷம் என் தங்கை அங்கே படிக்க வருகிறாள், அவளை முதலில் அங்கே அனுப்பப் போகிறேன்.

ஓடர்க்கரையான்:
மெயின் ஸ்டேஷனிலிருந்து நேர் ரயில் உண்டு, சோபூட்கா மலையடிவாரம் வழியாகப் போவதைப் பார்த்து ஏறச் சொல்லுங்கள், ஜன்னலோரம் கிடைத்தால் நல்லது. இறங்கி நடந்தே போய்விடலாம். ஞாயிறு காலை வழிபாடு நடக்கும், அந்த நேரம் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், மதியத்துக்குமேல் போகட்டும். வந்ததும் என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள், எண் தனிமடலில்.

வாயிற்காப்போன்:
பாட்டு ஓட்டு இன்னும் நான்கு பேர் போடவில்லை. பெயர் சொல்ல மாட்டேன், அவர்களுக்குத் தெரியும். ஞாயிறு இரவு பூட்டிவிடுவேன்.